தடம் மறைந்த பயிர்: ஜொகூர் மண்ணில் கொக்கோ

மலேசியா இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கொக்கோ விதைகளை அரைக்கின்றது. உலகின் பெரும் அரைவை நாடுகளின் வரிசையில் அதற்கு நிலையானதோர் இடம் உண்டு. அவ்வரைவையில் கணிசமான பங்கு ஜொகூர் மாநிலத்தில், பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலப்பாசிலும் உள்ள ஆலைகளில் நடைபெறுகின்றது. ஆயின், இந்நாட்டு மண்ணில் விளையும் கொக்கோ விதை அண்மைய ஆண்டுகளில் ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. 1990ஆம் ஆண்டில் இதே நாடு 247,000 டன் விளைவித்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு பயிர் ஓங்கி வளர்ந்து, ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். ‘நிலைபேறு’ என்று இன்று வணிகரும் அரசினரும் ஒருங்கே வழங்கும் சொல்லுக்கு ஜொகூரின் நிலவரலாறு என்ன பொருள் தருகின்றது என்பதையும் உடன் நோக்குவோம்.

பயிர்கள் வந்து போவது ஜொகூருக்குப் புதிதன்று. கொக்கோவின் கதையைப் புரிந்துகொள்ள, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கம்பீர்ப் பயிரிலிருந்து தொடங்குவதே தக்கது. நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு உறவான பொருள் கம்பீர். ஐரோப்பியத் தோல் பதனிடும் தொழிலுக்கு அது பெரிதும் வேண்டப்பட்டது. சிங்கப்பூர்த் தீவில் அதனைப் பயிரிட்டு மண்ணைச் சலிக்கச் செய்த சீனக் குடியானவர்கள், நீரிணையைக் கடந்து ஜொகூரின் ஆற்றோரங்களுக்கு வந்தனர். தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் ஆற்றுப் பத்திரங்கள் வழங்கி அவர்களை வரவேற்றார். பத்திரம் பெற்ற தலைவன் ‘கங்சூ’ எனப்பட்டான். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் முதலிய ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள்.

கம்பீர் இலையைப் பெரிய இரும்புக் கொப்பரைகளில் இடைவிடாது காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். காய்ச்சி எஞ்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் ஓய்ந்தது, சுற்றியிருந்த காடும் தீர்ந்தது. குடியானவன் அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்தான். விட்டுச் சென்ற நிலத்தில் லாலான் புல் முளைத்தது. கங்சூ முறை 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், புதுக்காட்டின் வளத்தை உறிஞ்சி, விலை உள்ளவரை விளைவித்து, பின்னர் பெயர்ந்துவிடும் அந்த வழக்கம் பயிர் மாறியும் பல வடிவங்களில் தொடர்ந்ததை நாம் காண்கிறோம்.

அடுத்து வந்தது ரப்பர். 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை முழுமையுற்றதும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று நிலையத்துக்கு நிலையம் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் ஜொகூரின் உட்பகுதியில் வேர்கொண்டது இவ்வழியில்தான். இவ்வரலாறு நம் எழுத்தாளர்களால் ஓரளவு பதிவுபெற்றுள்ளது. ஆதலின் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ரப்பருக்குப் பின் செம்பனை. 1961இல் கூலாய்க்கு அருகில் தாயிப் அண்டாக் என்னும் பெயரில் பெல்டாவின் முதல் செம்பனைக் குடியேற்றம் தொடங்கிற்று. கொக்கோ இவ்விரு பெரும் பயிர்களுக்கு இடையே புகுந்தது.

மலாயாவில் கொக்கோ மரம் 1778இலேயே மலாக்காவில் காணப்பட்டதாகக் குறிப்பு உண்டு. ஆயினும் அது தோட்டத்துச் செடியாகவே நின்றது. 1930களில் செர்டாங் முதலிய இடங்களில் சோதனைப் பயிராக நடப்பட்டு, 1950களில் திரெங்கானுவின் ஜெராங்காவில் வணிகப் பயிராயிற்று. அங்கு நடப்பட்ட அமெலொனாடோ வகை, கிளை நுனியிலிருந்து கருகி மடியும் ஒரு பூஞ்சை நோய்க்கு இரையாயிற்று. பின்னர் சபாவின் தாவாவ் பகுதியில் கொக்கோ வேரூன்றியது. அமேசான் மேற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கலப்பின விதைகள் அந்நோயைத் தாங்கி நின்றமையால் தீபகற்பத்திலும் நடவு மறுபடி பரவியது. நோய்க்குத் தீர்வு கண்ட அந்தக் காலத்தில் விலையும் ஏறிற்று. 1977இல் உலகச் சந்தையில் கொக்கோ முன் கண்டிராத உயரத்தைத் தொட்டது. விலையைக் கண்டு நட்டவர் பலர். 1989இல் நாடு முழுவதும் நான்கு இலட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பில் கொக்கோ நின்றது. அதன் பெரும்பகுதி சபாவில்.

ஜொகூரின் மேற்குக் கரையில் கொக்கோ வந்த முறை தனித்தன்மையுடையது. மூவார், பத்து பகாட், பொந்தியான் கடலோரத்துக் களிமண் நிலம் தென்னைக்கு உரியது. 1970களில் உலக வங்கிக் கடனுடன் நடந்த மேற்கு ஜொகூர் ஒருங்கிணைந்த வேளாண்மைத் திட்டம் அங்கு வாய்க்கால்களையும் கரைகளையும் சீரமைத்தது. கொப்பரைத் தேங்காய் விலை தளர்ந்து கிடந்த காலம் அது. தென்னையின் கீழ் ஊடுபயிராகக் கொக்கோவும் காப்பியும் வைப்பது சிறு விவசாயிக்கு இரண்டாவது வருவாயாயிற்று. கொக்கோ நிழல் விரும்பும் மரம். தென்னங்கீற்றின் ஊடே சல்லடையாக விழும் வெயில் அதற்கு ஏற்றது. பேராக்கில் பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களிலும் இதுவே முறை. தமிழகத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் இன்றும் இவ்வாறே கொக்கோ நிற்கின்றது. காட்டை அழிக்காமல், நின்ற மரத்தின் நிழலிலேயே வளரக்கூடிய பயிர் என்ற அளவில், ஜொகூர் கண்ட பயிர்களுள் மண்ணுக்கு மிகக் குறைவாகத் தீங்கு செய்தது மேற்குக் கரைக் கொக்கோவே என்பது நம் கருத்து. அதுவே நில்லாமல் போயிற்று.

ஏன் நில்லாமல் போயிற்று என்பதை அறிய, இப்பயிர் கேட்கும் உழைப்பை நோக்க வேண்டும். கொக்கோக் காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் தடித்த கிளையிலும் நேரே ஒட்டிக் காய்க்கும். காம்பு முறித்து இழுத்தால் அடுத்த ஆண்டுப் பூ தோன்றும் கண் கெட்டுவிடும். ஆதலின் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். காயை உடைத்து, வெண்சதை சூழ்ந்த ஈர விதைகளை வழித்தெடுத்து, ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். அப்புளிப்பில் சதை கரைந்து ஒழுகும், குவியல் சூடேறும், விதை உள்ளிருந்து நிறம் மாறும். சாக்லெட்டின் மணத்துக்கு வித்து இங்குதான் இடப்படுகின்றது. கானாவின் சிறு விவசாயி விதைகளை வாழையிலையில் குவித்து மூடி, பின்னர் வெயிலில் பாயில் பரப்பி மெல்ல உலர்த்துகிறான். மலேசியத் தோட்டங்கள் ஆழமான மரப்பெட்டிகளில் பெருமளவாகப் புளிக்க வைத்து, மழைக்கு அஞ்சி வெப்பக் காற்றால் விரைவில் உலர்த்தின. புளிப்பில் உண்டான காடி வெளியேற அவகாசமின்றி விதைக்குள்ளேயே தங்கிற்று. வாங்குவோர் மலேசிய விதையைப் புளிப்புச் சரக்கென ஒதுக்கி, கானா விதையைவிடக் குறைந்த விலைக்கே கேட்டனர். பறித்த காயைச் சில நாள் உடைக்காமல் வைத்திருத்தல், ஈர விதையைப் பரப்பிச் சற்றே வாட விடுதல் என ஆய்வாளர் தீர்வுகள் கண்டனர். அவை பயன் தந்தன. ஆயின் ஒவ்வொன்றும் மேலும் ஆள் கேட்டது.

இந்நிலையில் காய்த்துளைப்பான் வந்தது. ஒரு சென்டிமீட்டர் நீளமும் இல்லாத அந்துப்பூச்சி அது. காயின் மேல் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு, ஓட்டைத் துளைத்து உட்புகுந்து விதைகளுக்கு ஊட்டம் செல்லும் நடுத்தண்டை அரித்துவிடும். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகும். காய் வெளியே நலமாகவே தோன்றும்; உடைத்த பின்னரே இழப்புத் தெரியும். 1980இன் இறுதியில் தாவாவில் கண்டறியப்பட்ட இப்பூச்சி 1986இல் மலாக்காவுக்கு வந்துவிட்டது. மலாக்காவுக்கும் மூவாருக்கும் இடையே தடையேதும் இல்லை. இதனைத் தடுக்கும் வழிகள் தெரியாதவை அல்ல. வாரந்தோறும் பழுத்த காய் ஒன்று விடாமல் பறித்தால் புழுவின் வாழ்க்கைச் சுற்று அறும். கிளைகளைக் கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாக வைக்கலாம். இளங்காய் ஒவ்வொன்றுக்கும் நெகிழி உறை மாட்டலாம். கருநிற எறும்புகளைத் தோப்பில் வளர விட்டால் அவை காயைக் காத்து நிற்கும் என்பதும் ஆய்ந்து கண்டதே. இவையனைத்தும் கைவேலைகள். அவற்றைக் காட்டிலும் மலிவாகத் தோன்றியது மருந்தடிப்பு. மலேசியத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களுள் பெண்களே மிகுதி. அவர்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு பொதுவில் வைத்தது. கொக்கோவின் செலவுக் கணக்கில் அந்த நோய் எக்காலத்தும் எழுதப்பட்டதில்லை.

பூச்சியே கொக்கோவை அழித்தது என்று சொல்லுவது எளிது. அது முழு உண்மையன்று. பூச்சி பெருகிய அதே ஆண்டுகளில் விலை வீழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒரு டன் 1,100 அமெரிக்க டாலரை ஒட்டி நின்றது. வீழ்ந்த விலையில் காய்க்கு உறை மாட்டக் கூலி எங்கிருந்து வரும்? மேலும், எதிரே நின்ற செம்பனை வலுவடைந்து கொண்டிருந்தது. அவ்வலுவின் ஒரு வேர் ஜொகூரிலேயே உள்ளது. செம்பனையில் மகரந்தச் சேர்க்கையைத் தொழிலாளர் கையால் செய்துவந்த காலம் ஒன்று உண்டு. கமரூன் நாட்டில் அப்பணியை ஒரு சிறு கூன்வண்டு செய்வதை யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கவனித்தார். பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் அதனை ஆய்ந்து உறுதி செய்தார். அவ்வண்டு 1981இல் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவி, கைச்சேர்க்கையைத் தேவையற்றதாக்கி, விளைச்சலையும் உயர்த்திற்று. செம்பனைக்கு ஒரு பூச்சி கூலியைக் குறைத்தது. கொக்கோவுக்கு ஒரு பூச்சி கூலியைக் கூட்டிற்று. தோட்ட முதலாளி எதனைத் தேர்ந்தான் என்பதை இன்றைய ஜொகூரின் நிலத்தோற்றமே காட்டும்.

உழைப்பவர்களும் பெயர்ந்தனர். ஜொகூர்த் துறைமுகம் 1977இல் பாசிர் கூடாங்கில் இயங்கத் தொடங்கியது. அதனைச் சுற்றித் தொழிற்பேட்டை வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் லயத்தை விட்டு ஆலைகளுக்கும், பாலங்கடந்து சிங்கப்பூருக்கும் சென்றனர். தாயும் தந்தையும் பட்ட பாட்டைத் தாமும் பட அவர்கள் விரும்பவில்லை. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. கொக்கோ வாரியம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைக்கப்பட்டுக் கோத்தா கினபாலுவைத் தலைமையிடமாகக் கொண்டபோது பயிர் தன் உச்சத்தை நெருங்கியிருந்தது. வாரியத்தின் வாழ்நாளிற் பெரும்பகுதி தேய்வைக் காண்பதிலேயே கழிந்தது.

மரம் மறைந்தும் ஆலை மறையவில்லை. உள்நாட்டு விதையை நம்பித் தோன்றிய அரைவைத் தொழில், இந்தோனேசிய விதைக்குத் திரும்பிற்று. அவ்விதை வந்த வரலாறும் நம் நாட்டோடு பிணைந்ததே. சபாவின் தோட்டங்களில் வேலை செய்த புகிஸ் தொழிலாளர் ஊர் திரும்புகையில் கொக்கோ விதைகளையும் நடவு அறிவையும் சுலாவேசிக்கு எடுத்துச் சென்றனர். அங்கு அது சிறு விவசாயியின் பயிராய்ப் பெருகிற்று. 2010இல் இந்தோனேசியா கொக்கோ விதை ஏற்றுமதிக்கு வரி விதித்தது. ஜொகூர் ஆலைகள் மேற்கு ஆப்பிரிக்காவையும் ஈக்குவடோரையும் மேலும் நாட வேண்டியதாயிற்று. பாசிர் கூடாங்கில் வளர்ந்த குவான் சோங் நிறுவனம் இன்று ஐவரி கோஸ்டின் சான் பெத்ரோவில் தனக்கென ஓர் ஆலை வைத்துள்ளது. ஜொகூரின் கொக்கோ வரலாறு இவ்வாறு அட்லாண்டிக் கரை வரை நீண்டுவிட்டது.

ஆதலின் அக்கரையில் நடப்பது நமக்கு அயல்செய்தி அன்று. ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. பிரான்சு நாட்டு ஆய்வாளர் பிரான்சுவா ருஃப் இப்பயிரின் இயல்பைத் தெளிவாக விளக்கியுள்ளார். புதிதாக வெட்டிய காட்டில் மண் வளமாக இருக்கும், களை குறைவாக இருக்கும், நோயும் எட்டியிருக்கும். மரம் மூத்தபின் அதே நிலத்தில் மறுநடவு செய்ய இருமடங்கு உழைப்பு வேண்டும். ஆகவே விவசாயி பழைய நிலத்தை விட்டுப் புதுக்காட்டை நாடுகிறான். ஜொகூரின் கம்பீர்க் குடியானவனை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. 1960 முதல் ஐவரி கோஸ்ட் தன் காட்டின் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இழந்துள்ளது.

இரு கரைகளுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அதனையே நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விலை வீழ்ந்தபோது பத்து பகாட் விவசாயி கொக்கோவை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தான். அவன் மகன் ஆலை வேலைக்குச் சென்றான். ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அத்தகைய மாற்றுவழி அரிது. கூலியாள் வைக்க இயலாத விலையில் அவனுக்கு எஞ்சியிருப்பவை புதுக்காடும் தன் வீட்டுப் பிள்ளைகளின் கைகளும்தாம். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, அவ்விரு நாடுகளிலும் கொக்கோ வேலையில் ஈடுபட்ட சிறார் 15 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டது. 2001இல் ஹார்க்கின், ஏங்கல் என்னும் இரு அமெரிக்க அரசியலாளர் பெயரால் அமைந்த உடன்படிக்கையில் சாக்லெட் நிறுவனங்கள் இதனை ஒழிப்பதாக ஒப்பியிருந்தன. அதற்கும் முன்னரே, போர்ச்சுக்கீசியரின் சாவோ தோமே தீவில் அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டோர் அடிமைகளாகக் கொக்கோ பறிப்பதை ஹென்றி நெவின்சன் எழுதி வெளிப்படுத்தினார். கேட்பரி நிறுவனம் 1909இல் அவ்விதையைப் புறக்கணித்தது. அதே காலத்தில்தான் நம் முன்னோர் கங்காணி பின்னே கப்பலேறி ஜொகூருக்கு வந்தனர். ஒட்டுப்பால் பொறுக்கவும் உதிரிப்பழம் சேர்க்கவும் பெற்றோருடன் நிரையில் நடந்த பிள்ளைகளை அறியாத தமிழ்க் குடும்பம் இம்மாநிலத்தில் இல்லை எனலாம். ஆப்பிரிக்கக் குழந்தையின் படத்தைக் கண்டு பிறர் படும் அதிர்ச்சியை நாம் அப்படியே இரவல் வாங்க வேண்டியதில்லை. நமக்கு அது தெரிந்த கதை.

இக்கேடுகளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கொக்கோவோ அதன் வழிப்பொருளோ ஒன்றியத்துள் நுழையலாகாது. விளைந்த நிலம் ஒவ்வொன்றின் இருப்பிடமும் காட்டப்பட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டாலும், ஆலைகள் அதற்கு ஆயத்தமாகியே தீர வேண்டும். அதன் சிக்கலை அறிய ஆலைக்குள் நடப்பதை அறிதல் வேண்டும். விதை வறுபடும், தோல் நீங்கும், உருளைகளிடையே அரைபட்டு விழுதாகும். விழுதை அழுத்திக் கொக்கோ வெண்ணெயைப் பிரிப்பர். எஞ்சிய பிண்ணாக்கு பொடியாகும். ஆயிரமாயிரம் தோட்டத்து விதைகள் ஒரே தொட்டியில் கலக்கின்றன. இதுவரை வழங்கிய சான்றிதழ் முறைகள் பலவற்றில் கணக்கு மட்டுமே பிரிந்திருந்தது: சான்று பெற்ற விதை நூறு டன் உள்ளே சென்றால், அதற்கீடான அளவைச் சான்றுடன் விற்கலாம், தொட்டியில் இருப்பது எதுவென்று எவரும் கேளார். புதிய சட்டம் அக்கலப்பை ஏற்பதில்லை. தனிக் கிடங்கு, தனி உருளை, தனித் தொட்டி என்று செலவு பெருகும். அச்செலவை வாங்குவோர் ஏற்காவிடில் அது சங்கிலியின் கீழ்க்கண்ணியில் இருப்பவன் தலையில் விழும். 2024இல் நோயாலும் பருவக் கேட்டாலும் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் குன்றி, கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரையும் கடந்தது. ஆயினும் அந்நாடுகளில் அரசு பருவத் தொடக்கத்திலேயே கொள்முதல் விலையை அறுதியிட்டுவிடுவதால், அவ்வேற்றத்தின் பெரும்பகுதி விவசாயியின் கைக்கு எட்டவில்லை. ஆலைகளோ விதை வாங்க முதலின்றித் திணறின.

மொழியைப் பேணும் மன்றத்தில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ரப்பர் நமக்கு ஒரு சொற்களஞ்சியத்தையே தந்தது: பால்மரம், மங்கு, ஒட்டுப்பால், பிரட்டு, நிரை. கதைகளிலும் பாடல்களிலும் அச்சொற்கள் வாழ்கின்றன. கொக்கோவைப் பறித்த தமிழர் அக்காயின் பருவங்களை எச்சொல்லால் குறித்தனர், புளிக்கும் பெட்டியை எவ்வாறு அழைத்தனர், கல்லாய் இறுகிய விதைக்கு என்ன பெயரிட்டனர் என்பன நம் நூல்களில் பெரிதும் இடம்பெறவில்லை. முப்பதாண்டுக்குள் வந்து போன பயிராதலின் இலக்கியம் அதனைக் கவனிக்க நேரமில்லாது போயிற்று போலும். ஐவரி கோஸ்டின் ஒவ்வொரு நிலத்துக்கும் புவியமைவிடம் கேட்கும் இக்காலத்தில், ஜொகூரில் கொக்கோ எந்தெந்தத் தோட்டத்தில் நின்றது என்பதற்கே தமிழில் ஒரு பட்டியல் இல்லை.

அன்று காய் உடைத்த பெண்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். பலர் தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாற்றப்பட்டோ, குளுவாங், கூலாய், மாசாய் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். நாளொன்றுக்கு எத்தனை காய் உடைத்தால் முழுப் பேர் கிடைத்தது? கூலி காய்க்கணக்கிலா, எடைக்கணக்கிலா? துளைப்பான் வந்தபின் அக்கணக்கு மாறிற்றா? மருந்தடித்தவர் யார், கையுறை தரப்பட்டதா? மரத்தை வெட்டிய நாளில் என்ன சொல்லி வெட்டினர்? தாம் உடைத்த விதை சாக்லெட் ஆவதை அவர்கள் அறிந்திருந்தனரா? இக்கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்ல மாணவர் நால்வர் போதும். வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.